தப்பில்லாத கடிதம்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதினால் நீ சந்தேகப்படுவாய். அதனால் உள்ளபடியே எழுதுகிறேன். மாடிப்படியைக் கண்டால் முழங்கால் முறைக்கிறது. மற்றபடி குறையில்லை. நீ எப்படி இருக்கிறாய்? மாத ஊசி போட்டாகிவிட்டதா? கை நடுக்கம் குறைந்திருக்கிறதா?

பின் பெஞ்சுக்காரர்களின் சத்தம் கூடிவிட்டது என்று எழுதியிருந்தாய். முப்பத்து மூன்று வருஷம் வகுப்பெடுத்தவள் சொல்கிறேன், கேள். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் முணுமுணுப்பு எழத்தான் செய்யும். ஒவ்வொரு முணுமுணுப்புக்கும் திரும்பிக்கொண்டிருந்தால் பாடம் முடியாது. அவர்கள் இல்லை என்று நடிக்கவும் வேண்டாம். 'இருக்கிறீர்கள், தெரியும், இருங்கள்' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அடுத்த வரியை எழுத வேண்டும். உன் காதில் கேட்கும் குரல்களும் அப்படித்தான். மருந்து அவர்களைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது. வகுப்பை விட்டு வெளியே அனுப்பவில்லை, அவ்வளவுதான். அதற்காகப் பாடத்தை நிறுத்தாதே.

உன் மருமகள் வாலு செருப்புக் கடையில் நாளுக்கு ஒன்பது மணி நேரம் நிற்கிறாள். வாரம் ஆறு நாள். ஆக, அறுபத்து நான்கு மணி நேரம் ஊரார் காலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். முகத்தைப் பார்ப்பதைவிட அது நிம்மதியாம்.

நேரில் வந்து பார்க்க ஆசைதான். ஏழு மணி நேர பஸ்ஸுக்கு இந்த முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

உன்
அக்கா

ஜனவரி 17

அக்காவுக்கு,

ஒன்பதும் ஆறும் பெருக்கினால் ஐம்பத்து நான்கு. வாலுவுக்கு நீ பத்து மணி நேரம் கூடுதல் வேலை கொடுத்துவிட்டாய்.

நான் நன்றாக இருக்கிறேன். ஊசி போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் தூக்கம் அதிகம், பிறகு சரி. இல்லத்துச் சலவை அறையில் என்னைப் போர்வை மடிக்கும் மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஓரத்தோடு ஓரம் சேர்ந்தால் பின் பெஞ்சு கொஞ்ச நேரம் வாயை மூடுகிறது.

புதிதாக ஒரு தையல்காரர் வந்திருக்கிறார். உன் கடிதம் வந்ததும் நான் பென்சிலோடு உட்காருவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னய்யா, அக்கா கடுதாசியைப் போய்த் திருத்தறே?"

"ஒவ்வொண்ணுலயும் ஒரு தப்பு வச்சிருப்பா. அதைக் கண்டுபிடிச்சாத்தான் அது அவ எழுதினதுன்னு எனக்குத் தெரியும்."

"தப்பா இருந்தா நம்புவியா? நல்லா இருக்கே கதை."

"வேஷம் போடறவன் ரொம்பக் கவனமா இருப்பான். தப்பே விடமாட்டான். வேணும்னே தப்பு பண்றவ எங்க அக்கா ஒருத்திதான். சின்ன வயசுலயே அப்படித்தான் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தா."

அதற்கு அவர், "எங்க வீட்ல எல்லாரும் தப்பாத்தான் பேசறாங்க. அப்போ அத்தனை பேரும் அசல்தான்" என்றார். நான் சிரித்தேன். நான் சிரித்ததைச் சிஸ்டர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

போனில் பேசச் சொல்லி வாலு கேட்டால் இப்படிச் சொல்: முகம் இல்லாமல் காதுக்குள் வரும் குரல் மாமாவிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. கடிதம் அப்படியில்லை. காலையில் படித்ததை மாலையில் படித்தாலும் அதே வரிதான் இருக்கும்.

இல்லத்துப் பொறுப்பாளர் கூப்பிட்டார். நான் இனி வீட்டிலிருந்தே ஊசி போட்டுக்கொள்ளலாமாம், அக்கா என்ன சொல்கிறார் என்று கேட்டார். கேட்டு எழுதுகிறேன் என்றேன். இதை நான் கேட்பதாக எடுத்துக்கொள்ளாதே. அவர் கேட்டார் என்று எழுதுகிறேன்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்.

தம்பி

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, எழுத்து பெரிதாக இருந்தால் அதுதான் காரணம். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சௌக்கியமா? சளி கிளி பிடிக்கவில்லையே?

எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்திருப்பவர் நேற்று என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க தம்பிக்கு ரெண்டு மனசாமே? திடீர்னு வேற ஆளா மாறிடுவாராமே?" என்றார். "மனசு ஒண்ணுதாங்க. அதுக்குக் காது கொஞ்சம் அதிகம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஓர் உதாரணம் சொன்னேன். கனவு காணும்போது எது கனவு, எது நிஜம் என்று நமக்குத் தெரிவதில்லை. விழித்ததும் தெரிகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. என் தம்பிக்கு அந்தக் கதவின் தாழ்ப்பாள் பழுது. பழுது தாழ்ப்பாளில்தான், வீட்டில் இல்லை. அவர் தலையாட்டினார். புரிந்ததா, காப்பி ஆறுகிறது என்று ஆட்டினாரா, தெரியவில்லை.

உன் அறையின் ஜன்னல் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. தினமும் தள்ளித் திறந்து வைக்கிறேன். காலை வெயில் பத்து மணி வரை கட்டிலின் கால்மாட்டில் கிடக்கிறது. யாரும் படுக்காத கட்டிலில் வெயில் மட்டும் படுத்திருப்பதைப் பார்க்க என்னவோ போலிருக்கிறது.

பொறுப்பாளர் கேட்டதைப் படித்தேன். வாலுவிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். பேசிவிட்டு எழுதுகிறேன்.

உனக்கு நாற்பத்தெட்டு, நமக்குள் பதினான்கு வயது வித்தியாசம், ஆக எனக்கு அறுபது. இந்த வயதில் ஒரு விஷயத்தைப் பேசுவதற்கு இவ்வளவு தயக்கம்.

உன்
அக்கா

பிப்ரவரி 28

அக்காவுக்கு,

அறுபத்திரண்டு. இரண்டு வயதைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறாய்.

நான் நலம். சளி இல்லை. கடித உறையில் தபால்தலை வழக்கம்போலக் கோணல். தபால் நிலையத்தில் ஆறு வருஷம் கடிதம் பிரித்தவனுக்கு அது முகம் பார்த்த மாதிரி.

ஒன்று கேட்கிறேன். கண்ணாடி சரியில்லாவிட்டால் எழுத்து பெரிதாகும், ஒப்புக்கொள்கிறேன். வரி எல்லாம் ஏன் வலது பக்கம் போகப் போக இறங்குகிறது? 'வெயில்' என்ற இடத்தில் பேனா நழுவியிருக்கிறது. டாக்டரிடம் காட்டினாயா?

வாலுவிடம் என்ன பேச வேண்டுமோ, அவசரமில்லை. ஜன்னலை முழங்கையால் தள்ளாதே, கீழ் மூலையில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் திறக்கும். வெயில் பத்து மணி வரைதானா? நான் இருந்தபோது பத்தேகால் வரை இருக்கும்.

தம்பி

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வேலை அதிகமாக இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. வாலு நன்றாக இருக்கிறாள். இங்கே எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். மருந்தைத் தவறாமல் சாப்பிடு. டாக்டர் சொல்வதைக் கேட்டு நட. வீண் கவலை வேண்டாம். நேரம் கிடைக்கும்போது வந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு, அன்பு அக்கா

ஏப்ரல் 9

இந்தக் கடிதத்தை எழுதியவருக்கு,

நீங்கள் யார் என்று தெரியாது. நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

இதை எழுதியது என் அக்கா இல்லை. இப்படி ஒரு வாக்கியத்தை நான் முன்பும் சொல்லியிருக்கிறேன். அப்போது சொன்னது தப்பு. என் எதிரில் நின்றவள் அக்காவேதான், என் நோய்தான் அவளை வேறொருத்தி என்றது. அதே நாட்களில், ஊரார் கடிதங்களில் எல்லாம் என்னைப் பற்றியே எழுதியிருக்கிறது என்று நம்பிப் பதினான்கு கடிதங்களைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தவன் நான். வேலை போனது அதனால்தான். ஆகவே இந்த முறை அவசரப்படவில்லை.

அக்கா ஒரு வழி சொல்லித் தந்திருக்கிறாள். சந்தேகம் வந்தால் நோட்டில் நடுவே ஒரு கோடு போட வேண்டும். இடப்பக்கம் 'நான் பார்த்தது'. வலப்பக்கம் 'நான் நினைத்தது'. அப்படியே எழுதினேன்.

பார்த்தது: தபால்தலை அளவெடுத்தது போல நேராக ஒட்டியிருக்கிறது. முத்திரை எங்கள் தெருத் தபால் நிலையத்துடையது இல்லை, ஆஸ்பத்திரி வளாகத்துடையது. ஜன்னலைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. எங்கேயும் ஒரு தப்பு இல்லை.

நினைத்தது: அக்காவை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். இங்குள்ள எல்லோருக்கும் இது தெரியும்.

வலப்பக்கத்தை எழுதும்போதே கை நின்றது. இது பின் பெஞ்சின் பேச்சு, எனக்கு அடையாளம் தெரியும். ஆனால் இடப்பக்கம் நோய் இல்லை. அது கடிதம் பிரிப்பவனின் வேலை.

சிஸ்டரிடம் சொன்னேன். சிஸ்டர் டாக்டரிடம் சொன்னார். 'மறுபடியும் அக்கா அக்கா இல்லை என்கிறார்' என்று மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள். இப்போது நாக்கு கனமாக இருக்கிறது. போர்வையின் ஓரங்கள் சேரமாட்டேன் என்கின்றன. அவர்கள் மேல் கோபமில்லை, அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். என் அக்கா இருக்கிறாளா?

ஏப்ரல் 15

மாமாவுக்கு,

அம்மா இருக்கிறார். முதல் வரியிலேயே அதை எழுதிவிட்டேன்.

மார்ச் ஏழாம் தேதி மத்தியானம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் அசையவில்லை. பேச்சு குழறுகிறது, பாதி வார்த்தை வருகிறது, மீதியை நாங்கள் ஊகிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தோம். இப்போது வீட்டில் இருக்கிறார்.

அந்தக் கடிதத்தை எழுதியது நான், வாலு. பதில் வராவிட்டால் நீங்கள் பயப்படுவீர்கள், உண்மையைச் சொன்னால் உங்கள் உடம்பு கெடும் என்று நானே முடிவு செய்தேன். அம்மாவின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன், ஒரு தப்பும் வந்துவிடக் கூடாதென்று நாலு தாள் கிழித்தேன். உங்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு இருப்பது எனக்குத் தெரியாது. இல்லத்துக்குப் போன் செய்து டாக்டரிடம் சொல்லிவிட்டேன், "மாமா சொன்னதுதான் சரி, பொய் சொன்னது நான்" என்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா சொல்லியிருக்கமாட்டார்.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு நாள், பள்ளிக்கூடப் பையோடு வீட்டுக்குள் நுழைகிறேன். நீங்கள் அம்மாவைப் பார்த்து, "யாருடி நீ? எங்க அக்காவை என்ன பண்ணே?" என்று கத்துகிறீர்கள். அம்மா அசையாமல் நிற்கிறார். நீங்கள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டீர்கள். அம்மா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து தப்புத் தப்பாகக் கூட்டல் வாய்ப்பாடு சொன்னார். அம்மாவுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து மாடிப்படியில் ஒளிந்துகொண்டேன். இருபத்திரண்டு வருஷம் ஆகியும் அந்தப் படியை விட்டு நான் இறங்கவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்காக நீங்கள் இல்லத்துக்குப் போனபோது ஆறு மாதம் என்றுதான் பேச்சு. அதன்பிறகு அம்மா உங்களைக் கூப்பிட நினைத்தபோதெல்லாம், "மாமா வந்தா நான் வேற வீடு பாத்துக்கறேன்" என்று சொன்னது நான். மார்ச் ஏழாம் தேதி காலையிலும் கேட்டார். அதையே சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்குத்தான் போன் வந்தது.

உங்கள் பிப்ரவரிக் கடிதம் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

வாலு

ஏப்ரல் 22

அன்புள்ள வாலுவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? நோயாளியைப் பார்த்துக்கொள்பவரை யாரும் இதைக் கேட்பதில்லை. எனக்குத் தெரியும், உன் அம்மாவை யாரும் கேட்டதில்லை.

டாக்டர் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். "நீங்க சொன்னது சரி. ஒரு போன் போட்டு நான் விசாரிச்சிருக்கணும்" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டர் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. மாத்திரையைக் குறைத்துவிட்டார். தையல்காரர் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், "நம்ம ஆளு துப்பறிஞ்சிட்டாரு" என்று.

அந்த நாளைப் பற்றி நீ வெளியிலிருந்து எழுதினாய். நான் உள்ளேயிருந்து எழுதுகிறேன். அக்காவின் முகம் சரியாக இருந்தது, குரல் சரி, கண்ணாடி சரி. அவளைப் பார்த்ததும் நெஞ்சில் ஒன்று வருமே, 'என் அக்கா' என்று, அது மட்டும் வரவில்லை. கடித உறையில் முகவரி சரி, தபால்தலை சரி, பிரித்தால் உள்ளே தாள் இல்லை. அப்படி ஓர் உறை உன் முன்னால் நின்று பேசினால் எப்படி இருக்கும்? பயத்தில்தான் கத்தினேன். வாசலில் நீ நிற்பதைப் பார்த்தேன். உன்னையும் அவர்கள் மாற்றிவிடுவார்கள் என்று தோன்றியது. அதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் தாழ் போட்டேன்.

கதவுக்கு வெளியே அக்கா, "மூணும் நாலும் எட்டு" என்றாள். மறுபடியும், "மூணும் நாலும் எட்டு, சரிதானேடா?" என்றாள். பொறுக்க முடியவில்லை, "ஏழு" என்றேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் என்னை வெளியே இழுத்தாள்.

நீ பயந்தது தப்பில்லை. வீடு மாறிவிடுவேன் என்று சொன்னதும் தப்பில்லை. அக்காவுக்கு நோய் வந்தது ரத்த அழுத்தத்தால், டாக்டரே சொன்னார். உன் வாயால் இல்லை. வரிகள் பிப்ரவரியிலேயே இறங்க ஆரம்பித்துவிட்டன. 'பார்த்தது' பக்கத்தில் அதை எழுதிக்கொள்.

இரண்டு உதவி செய். இனி நீ நீயாகவே எழுது. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, மூணும் நாலும் எட்டு என்று சொல்லிப் பார்.

மாமா

மே 14

மாமாவுக்கு,

நான் சாப்பிடுகிறேன். நேற்று ஏழு மணி நேரம் தூங்கினேன். உங்கள் உடம்பு எப்படி? நாக்கின் கனம் போய்விட்டதா?

நீங்கள் சொன்னதை உடனே செய்யவில்லை, கூச்சமாக இருந்தது. முந்தாநாள் அம்மாவுக்குத் தலை வாரிவிடும்போது சொன்னேன்.

"அம்மா, மூணும் நாலும் எட்டு."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண் அது. இடது கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினார். மடக்கினார். பிறகு இரண்டு. பாதி வாய் சிரித்தது, "தம்...பி" என்றார்.

"ஆமா, மாமாதான் சொல்லச் சொன்னாரு. எழுதறியா அவருக்கு?"

தலையாட்டினார். பயிற்சி கொடுக்க வரும் பெண் பென்சிலில் துணி சுற்றி இடது கையில் பிடிக்க வைத்தாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. இடையில் நான் கையைப் பிடித்து உதவப் போனேன், முழங்கையால் ஒரு இடி இடித்தார். வாத்தியாரம்மா வாத்தியாரம்மாதான். அந்தத் தாளை இதற்குள் வைத்திருக்கிறேன்.

உங்கள் அறையில் அடுக்கியிருந்த என் கடைப் பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். தச்சர் வந்து ஜன்னலைச் சீவினார், இப்போது ஒரு விரலால் திறக்கலாம். இங்கே ஆஸ்பத்திரியில் உங்கள் ஊசிக்குப் பேசிவிட்டேன். பயம் முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். பாதிப் படி இறங்கியிருக்கிறேன். மீதிக்கு நீங்கள் வர வேண்டும்.

பயணத்துக்கு ஒரு ஜோடி ஷூ தனியாக அனுப்புகிறேன், எட்டாம் அளவு. யாரையும் கேட்டு எடுக்கவில்லை. அந்த நாளுக்கு முன்னால், வாசலில் கிடக்கும் உங்கள் செருப்புக்குள் கால் விட்டு நடந்து விளையாடியவள் நான்.

வாலு

[உள்ளே மடித்த தாள். பென்சில் எழுத்து, கோணல் மாணலாக:]

தம்பி
வா

மே 21

அக்காவுக்கு,

கை கால் எப்படி இருக்கிறது? பயிற்சியை விடாதே. பயிற்சி கொடுக்கும் பெண்ணையும் இடிக்காதே.

உன் கடிதம் வந்தது. ஷூவும் வந்தது, சரியாக இருக்கிறது. வாலுவிடம் சொல்.

இந்த நான்கு வருஷத்தில் தப்பே இல்லாமல் நீ எழுதிய கடிதம் இது ஒன்றுதான். இரண்டு வார்த்தையில் தப்பை எங்கே வைப்பாய்? நம் ஏற்பாட்டின்படி இதை நான் நம்பக் கூடாது. பின் பெஞ்சும் அதைத்தான் சொன்னது, கோரஸாக. நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். இடப்பக்கம்: எழுத்து அக்காவுடையது போல இல்லை. உறையில் முகவரி எழுதியது அவள் இல்லை. தபால்தலை நேராக இருக்கிறது. தப்பு இல்லை. வலப்பக்கம் ஒரே வரிதான்: இது அக்கா.

வலப்பக்கத்தில் இருப்பதை அடித்துவிட்டு இடப்பக்கத்தை நம்பு என்றுதான் நீ சொல்லித் தந்திருக்கிறாய். ஒரு நாள் முழுக்க அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்க முடியவில்லை. தாளைப் பிரித்ததும் அன்றைக்கு வராதது வந்துவிட்டது, அக்கா. உறைக்குள் தாள் இருந்தது.

பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். முதலில் ஒரு மாதம், பிறகு பார்க்கலாம் என்கிறார். இந்த மாத ஊசி போட்டாயிற்று. தையல்காரர் சட்டைக்குப் பட்டன் எல்லாம் சரிபார்த்துத் தைத்துக் கொடுத்தார். பஸ் நிலையம் வரை அவரும் சிஸ்டரும் வருகிறார்கள். பஸ்ஸில் பின் பெஞ்சு சும்மா இருக்காது, தெரியும். எல்லோரும் என்னையே பார்ப்பதாகச் சொல்லும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வழியில் வரும் கடைப் பலகைகளை எல்லாம் மனதுக்குள் தெரு வாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே வருவேன். பழைய வேலைதானே.

இனி தப்பு வைக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், திருத்தும் வேலை உனக்கு. விரலால் காட்டினால் போதும். இதோ, முதல் பாடம்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு இங்கிருந்து பஸ் கிளம்புகிறது. ஏழு மணி நேரம் ஓடும். மூன்றரைக்கெல்லாம் உன் பக்கத்தில் இருப்பேன்.

தம்பி